இரண்டு இருபது வண்டி

மார்ச் 3, திங்கள்

பஸ் நிலையத்தில் காலை ஆறு மணி டூட்டி. மூன்றாம் நடைமேடையில் ஒரு வண்டி டயர் வெடித்து நின்றுவிட்டது. பின்னால் வந்த நான்கும் கோவித்துக்கொண்ட மாப்பிள்ளைகள் மாதிரி நகர மறுத்தன. டைம் கீப்பர் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருப்பவள் நான்தானே, எல்லாத் திட்டும் எனக்கு.

வீட்டுக்கு வந்து என் இணையதளத்தைத் திறந்தால் தேடுபொறி நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல். 'வாழ்த்துகள்! இணையதள உரிமையாளர்களுக்கான எங்கள் புதிய கருவிகள் இனி உங்களுக்கும்.' ஆறு வருஷமாக நடத்துகிறேன். எங்கள் நிலையத்திலிருந்து கிளம்பும் இருநூற்றுப் பதினான்கு வண்டிகள்: எந்த நேரம், எந்த நடைமேடை, எது மழை பெய்தால் சுற்றிப் போகும், எது பள்ளி நாளில் மட்டும் ஓடும். எல்லாம் நானே பார்த்து, நானே தட்டியது. இதுவரை ஒருத்தரும் வாழ்த்தியதில்லை. இப்போது என்ன திடீர்ப் பாசம்?

மாலையில் தம்பி வந்தான். சின்னத் தளங்களுக்கு விளம்பரம் பிடித்துத் தருவதுதான் அவன் வேலை.

"ரெண்டு கருவிக்கா. ஒண்ணு, விளம்பரத்த அதுவே எடம் பாத்து வைக்கும். இன்னொண்ணு, யாராவது வண்டி நேரம் தேடினா உன் விஷயத்த மேல கொண்டுவந்து காட்டும். கூட்டம் அள்ளப் போகுது பாரு."

"என் பக்கத்த மேல காட்டுமா?"

"உன் விஷயத்தக்கா."

பக்கம் வேறு, விஷயம் வேறு. அப்போதே காதில் விழுந்திருக்க வேண்டும். காபி போடுகிற அவசரத்தில் சரி என்றுவிட்டேன். இரண்டையும் முடுக்கிவிட்டுப் போனான்.

மார்ச் 6, வியாழன்

ஜன்னலில் ஒருவர் போனை நீட்டினார். "அம்மா, இந்தக் கார் எந்த பிளாட்பாரத்துல நிக்குது?" எந்தக் கார்? பார்த்தால் என் தளம். என் பட்டியலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பொத்தான்: 'இப்போதே புறப்படுங்கள்.' ஏதோ வாடகைக் கார் கம்பெனி விளம்பரம். 6.10 வண்டிக்கும் 6.25 வண்டிக்கும் நடுவில் உடல் இளைக்கும் பொடி. பஸ் நேரம் பார்க்க வந்தவரின் இடுப்பைப் பற்றி இவனுக்கு என்ன?

தம்பியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"அது இன்னும் கத்துக்கிட்டிருக்குக்கா. ரெண்டு வாரம் தொடாம விடு."

"அது கத்துக்கிறதுக்கு என் பக்கம்தான் கெடச்சுதா?"

மார்ச் 8, சனி

இன்று விளம்பரம் பட்டியலுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. கூடவே இடது பக்கமும் முளைத்திருக்கிறது.

மார்ச் 12, புதன்

புதிய கருவியில் ஒரு நிலவரப் பலகை உண்டு. பச்சைக் கோடு ஒன்று, சாம்பல் கோடு ஒன்று. பச்சை ஏறிக்கொண்டே போகிறது. அதாவது என் 'விஷயம்' எத்தனை பேர் கண்ணில் பட்டது. சாம்பல் படுத்துவிட்டது. அது என் தளத்துக்கு வந்தவர்கள். போன வாரத்தில் பாதி. கீழே ஒரு வரி: 'உங்கள் உள்ளடக்கம் முன்னெப்போதையும்விட அதிகம் பேரைச் சென்றடைகிறது!' ஆச்சரியக்குறி வேறு.

நானே தேடிப் பார்த்தேன். தேடல் பக்கத்திலேயே அழகாகக் கட்டம் கட்டி வண்டி நேரங்கள். என் நேரங்கள். என் வரிசை. தளத்தின் பெயர் எங்கேயும் இல்லை. என் குறிப்புகளும் இல்லை. மழைக் குறிப்பு, பள்ளிக் குறிப்பு, எல்லாவற்றையும் மீனைச் செதில் உரிக்கிற மாதிரி உரித்துவிட்டு நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில். 'எங்கள் விடைகள் பல மூலங்களிலிருந்து தொகுக்கப்படுபவை.'

பல மூலங்களா? இந்த நேரங்களை எழுதி வைத்திருக்கிற மூலம் உலகத்தில் ஒன்றே ஒன்று. அதற்கு முழங்கால் வலி வேறு.

மார்ச் 14, வெள்ளி

பள்ளிகளுக்குத் திடீர் விடுமுறை. 7.40 வண்டி பள்ளி நாளில் மட்டும்தான் ஓடும். அப்படித்தான் சிவப்பில் எழுதியிருக்கிறேன். தேடுபொறியின் கட்டத்தில் அந்தச் சிவப்பு இல்லை. பதினேழு பேர் வந்து நின்றார்கள். எண்ணினேன். ஒருவர் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவராம், இஸ்திரி மடிப்பு கலையாமல் நின்றபடியே என் ஜன்னல் கட்டையை ஓங்கிக் குத்தினார். "போட்ட டயத்துக்கு வண்டி விடத் துப்பில்ல, எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

நான் போடலய்யா! நான் சரியாத்தான் போட்டேன்! யாரிடம் சொல்வது?

என் உழைப்பையும் எடுத்துக்கொண்டு, என்னையே திட்டும் வாங்க வைக்கிறான்கள்.

மார்ச் 15, சனி

செய்துவிட்டேன்.

14-பி, செங்கல் சூளை போகும் வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டே நடை, காலை 11.00, மாலை 4.15. நடுவில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: ஞாயிறு மட்டும், 2.20. அப்படி ஒரு வண்டி கிடையாது, இருந்ததும் கிடையாது. இது நாளைக்கே அவன்கள் கட்டத்தில் வந்தால் கையும் களவுமாக மாட்டினான்கள்.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த களைப்பு அவருக்கு. இருந்தும் நிமிர்ந்து பார்த்தார். "யாராவது வந்து நிக்கப் போறாங்க."

"ஞாயித்துக்கிழமை சூளைக்கு லீவு. யாருங்க போவா, செங்கல்லா?"

அவர் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மார்ச் 18, செவ்வாய்

வந்துவிட்டது! 14-பி, ஞாயிறு, 2.20. கட்டத்துக்குள் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது என் பொய். நான் பெற்ற பிள்ளையை ஊரே கொஞ்சுகிற மாதிரி ஒரு சந்தோஷம், வெட்கம் கெட்ட சந்தோஷம். திரையைப் படம் பிடித்தேன். நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். 'இந்த வண்டி என் கற்பனை. இதை உங்கள் பல மூலங்களில் எந்த மூலம் சொன்னது?' இதற்கு என்ன சொல்கிறான்கள் பார்ப்போம்.

மார்ச் 19, புதன்

தம்பிக்கும் படத்தை அனுப்பியிருந்தேன். பாராட்டுவான் என்று நினைத்தேன். போன் எடுத்ததும், "அக்கா, ஒடனே தூக்கு அத."

"ஏன்? பதில் வரட்டும்."

"பதில் வராது. அங்க ஆளே கெடையாதுக்கா, எல்லாம் தானா போற பதில். நீ தப்பா போட்டா உன் தளத்து மேல நம்பிக்கை போயிடும், அவ்ளோதான் நடக்கும்."

"நம்பிக்கையப் பத்தி நீ பேசறியா? இந்தக் கருமத்த என் தலையில கட்டினதே நீதானடா!"

வைத்துவிட்டான். நானும் திரும்பக் கூப்பிடவில்லை. அந்த வரியை எடுக்கவும் மாட்டேன். பதில் வந்து, தப்பு என்று ஒத்துக்கொண்டு, என் பெயரைப் போட்டால்தான் எடுப்பேன்.

மார்ச் 23, ஞாயிறு

எனக்கு ஓய்வு நாள். மெத்தை உறைகளைத் துவைத்தேன். பதில் வரவில்லை.

மார்ச் 26, புதன்

வந்தது. 'உங்கள் கருத்துக்கு நன்றி. எங்கள் கருவிகளை மேம்படுத்த இது உதவும். இந்தப் பதில் உங்களுக்குத் திருப்தி அளித்ததா?' கீழே ஐந்து நட்சத்திரம், அழுத்திச் சொல்ல வேண்டுமாம்.

ஒன்றுகூட அழுத்தவில்லை. 2.20 அப்படியே இருக்கட்டும். இருக்கட்டும்!

மார்ச் 30, ஞாயிறு

இன்றே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

சக டைம் கீப்பர் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, அவருக்காக இன்று டூட்டி பார்த்தேன். இரண்டே முக்கால் இருக்கும். நீலச் சட்டை, தோளில் பட்டை, செக்யூரிட்டி உடுப்பு. நாற்பது வயதுக்குள் ஒரு பெண். ஒரு கையில் துணிப்பை. ஜன்னலுக்கு வந்தாள்.

"சூளைக்கு ரெண்டு இருவது வண்டி என்னாச்சு?"

"அப்படி வண்டி இல்லியேம்மா" என்றேன்.

"இல்லியா? போன வாரமும் நின்னேன். நாலு மணி வரைக்கும் நின்னேன். இங்க இருந்தவர் எனக்குத் தெரியாதுன்னாரு. சரி, பழுதாயிருக்கும்னு போயிட்டேன். இந்த வாரமும் இல்ல. அப்ப இது என்ன?" போனைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். அதே கட்டம்.

"சூளைக்கு ஞாயித்துக்கிழமை எதுக்கும்மா?" இதைக் கேட்டிருக்கவே வேண்டாம்.

சூளைக்குப் பின்னால் மனநலக் காப்பகம் இருக்கிறதாம். போன மழைக்காலத்தில் இடம் மாறி வந்ததாம். ஊர் வண்டிகளையெல்லாம் ஆறு வருஷமாகக் கட்டி ஆள்கிற எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு மூன்றிலிருந்து நான்கு வரை பார்வை நேரம். அவளுடைய அக்கா அங்கே இருக்கிறாள். இதற்கு முன்பெல்லாம் பதினோரு மணி வண்டியில் போய் மூன்று மணி வரை வெயிலில் கேட்டருகே உட்கார்ந்திருப்பாளாம். அதற்காக ஞாயிறு அரைநாள் வேலையை விட வேண்டியிருந்தது. இந்த 2.20-ஐப் பார்த்ததும் மேலாளரிடம் கெஞ்சி அந்த வேலையைத் திரும்ப வாங்கினாளாம்.

"நான் போனாத்தான் அவ தலைய வார விடுவா. வேற யார் தொட்டாலும் கடிச்சுருவா. ரெண்டு வாரமா சிக்குப் பிடிச்ச தலையோட உக்காந்திருப்பா. வரேன்னு சொன்னவ வரலியேன்னு கேட்டையே பாத்துக்கிட்டிருப்பா. யாரு போட்டது இத? சொல்லுங்க. யாரு?"

நான் என்ன சொன்னேன்?

"நாங்க போடலம்மா, இணையத்துல யாரோ தப்பா போட்டிருக்காங்க" என்றேன்.

யாரோ!

மார்ச் 31, திங்கள்

நேற்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த வரியை அழித்தேன். இன்று காலை தேடினால் கட்டத்தில் 2.20 அப்படியே. மத்தியானமும் அப்படியே. திருத்தம் கேட்கும் படிவத்தை மூன்று முறை நிரப்பினேன். 'இந்த வண்டி இல்லை. நானே உருவாக்கிய பொய். தயவுசெய்து எடுங்கள்.' திருட்டு என்று கத்தியவள் இப்போது தயவுசெய்து என்கிறேன்.

இவரிடம் நடந்ததைச் சொன்னேன். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று சொல்வார், சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

பதில்: 'நீங்கள் குறிப்பிட்ட தகவலைப் பல மூலங்கள் உறுதி செய்கின்றன. எனவே மாற்றம் தேவையில்லை.'

தேடிப் பார்த்தேன். உண்மைதான். மூன்று தளங்களில் இருக்கிறது 2.20. மூன்றும் தேடுபொறியின் கட்டத்தைப் பார்த்து எழுதியவை. ஒரு தளத்தில் அந்த வண்டிக்கு 'இருக்கை வசதி நன்றாக இருக்கும்' என்று வேறு எழுதியிருக்கிறான் பாவி.

ஆக, நான் உண்மையை எழுதியபோது எனக்குப் பெயர் இல்லை. பொய் சொன்னால் நான்கு சாட்சி.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஓய்வு நாள்தான். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, பெரிய எழுத்தில் 'செங்கல் சூளைக்கு 2.20 வண்டி கிடையாது' என்று எழுதி எடுத்துக்கொண்டு ஒன்றரை மணிக்கே ஏழாம் நடைமேடையில் நின்றேன். இவர் கூட வந்தார். கடைக்கு மருந்து ஏற்றும் வேனைக் கேட்டு வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். நான் கேட்கவே இல்லை.

நான்கு பேர் வந்தார்கள். ஒரு வயதான கணவன் மனைவி. ஒரு இளைஞன். அவன் அட்டையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். "போன்ல இருக்கே. நீங்க யாரு?"

"டைம் கீப்பர்."

"யூனிபார்ம் காணோம்?"

பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு அறையத் தோன்றியது அவனையா, அந்தப் போனையா, என்னையா தெரியவில்லை.

நாலாவது ஆள் அவள். அதே நீலச் சட்டை. மறுபடி ஏன் வந்தாள் என்று கேட்டேன். "வேற வழி? இன்னிக்காச்சும் வருமோன்னுதான்" என்றாள். அட்டையைப் பார்த்தாள். ஜன்னலில் பார்த்த முகம் நான் என்று தெரிந்தது அவளுக்கு.

சொல்லிவிட்டேன். "அத எழுதினது நான்தாம்மா. யாரோ இல்ல. நான்."

"எதுக்கு?"

"என் தளத்துலேருந்து திருடறாங்க. அத நிரூபிக்கறதுக்கு ஒரு பொய்ய எழுதி வச்சேன்."

"நிரூபிச்சு யாருக்குக் காட்டினீங்க?"

யாருக்கு? தம்பிக்கு ஒரு படம். ஆளில்லாத முகவரிக்கு ஒரு கடிதம்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க அவங்க மேல கோவப்பட்டீங்க, எங்கக்கா ரெண்டு ஞாயிறு அழுதா" என்று மட்டும் சொன்னாள்.

வேன் இருக்கிறது, வாருங்கள் என்றார் இவர். அவள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். கிழத் தம்பதி உட்பட நான்கு பேரும் ஏறினார்கள். எனக்கு இடம் இல்லை. இருந்திருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன். அட்டையைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி வரை நின்றுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

தம்பியை வரச் சொன்னேன். "தேடுபொறி என் பக்கத்துல கால் வைக்கக் கூடாது. அதுக்கு என்ன செய்யணும்?"

"ஒரு சின்ன ஃபைல்ல ரெண்டு வரி எழுதினாப் போதும். ஆனாக்கா, பைத்தியமா நீ? தேடினா உன் தளமே வராது. இல்லாத மாதிரிதான்."

"இப்ப மட்டும் இருக்கேனா?"

"விளம்பரம்?"

"அதையும் கழட்டு."

அவன் விற்கிற பொருளை அவன் கையாலேயே கழற்றச் சொல்கிறேன், தெரியும். பாவமாகக்கூட இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. கழற்றினான். போகும்போது வாசலில் நின்று, "அந்தக் கருவிய எங்க ஆபீஸ்ல இதுவரைக்கும் முப்பது தளத்துக்குப் போட்டுக் குடுத்திருக்கேன்க்கா" என்றான்.

ஏப்ரல் 9, புதன்

டெப்போ மேலாளரிடம் போய், ஞாயிறு மத்தியானம் சூளைக்கு நிஜமாகவே ஒரு நடை வேண்டும் என்று கேட்டேன். காப்பகத்தைப் பற்றிச் சொன்னேன். "ஆளும் இல்ல, வண்டியும் இல்ல, எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். காகிதத்தை ஒரு கட்டின் அடியில் சொருகினார். மேலேகூட வைக்கவில்லை!

ஏப்ரல் 11, வெள்ளி

தளத்துக்கு வந்தவர்கள்: பதினொரு பேர். அதில் நான் இரண்டு தடவை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இவர் வேனைக் கேட்டார், கடை முதலாளி இந்த வாரம் தரவில்லை. அட்டையோடு நின்றேன். அந்த இளைஞன் வரவில்லை. கிழவர் மட்டும் தூரத்திலிருந்து அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார். அவள் வரவில்லை. பதினோரு மணி வண்டியில் போயிருப்பாள். அப்படியென்றால் அரைநாள் வேலை மறுபடி போயிற்று.

ஏப்ரல் 16, புதன்

கட்டத்திலிருந்து 2.20 காணாமல் போய்விட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, மன்னிப்பும் இல்லை. கூடவே என் மற்ற நேரங்களும் போய்விட்டன. அந்த இடத்தில் இரண்டு வருஷப் பழைய நேரங்கள், எங்கிருந்தோ. காலையில் ஜன்னலில் ஒருவர் அதைக் காட்டிச் சண்டை போட்டார். நானும் பதிலுக்குச் சண்டை போட்டேன். பிறகு என் தளத்தின் முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். முறைத்துக்கொண்டே சட்டைப் பையில் வைத்தார்.

ஏப்ரல் 17, வியாழன்

முகவரியைப் பெயின்ட்டால் ஜன்னலுக்கு மேலே எழுதிவிட்டேன். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். நடத்துனர்கள் இரண்டு பேர் தங்கள் வண்டியிலும் எழுதித் தரச் சொன்னார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தம்பி போன் செய்தான். முப்பதில் ஒன்பது தளக்காரர்கள் அவனிடம் அதே இரண்டு வரியைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அவனாகவே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னானாம். மேலதிகாரி கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "வேலைக்கு ஆபத்தாடா?" என்றேன். "தெரியலக்கா, வீட்ல இன்னும் சொல்லல" என்றான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னேன்.

ஏப்ரல் 28, திங்கள்

தளத்தின் கருத்துப் பெட்டியில் ஒரு செய்தி. பெயர் இல்லை, வணக்கம் இல்லை.

'9-ஆம் நம்பர் வண்டி ஞாயிறு 1.50-க்கு கெளம்புது. எடைமேடை ஸ்டாப்புல 2.25-க்கு எறங்கினா, வாய்க்கா ஓரமா நடந்து காப்பகத்துக்குப் போயிடலாம். இருவது நிமிஷம். நேத்து போனேன். உங்க பட்டியல்ல இந்த வழி இல்ல. இதயாவது சரியா போடுங்க.'

நான்கு தடவை படித்தேன். எடைமேடை. ஒன்பதாம் எண் போகிற ஊர் வேறு, சூளை வேறு என்றே இத்தனை வருஷம் எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் நடக்கிற தூரம்தான் என்று தோன்றவே இல்லை.

மே 4, ஞாயிறு

1.50 வண்டியில் ஏறினேன். 1.53-க்குக் கிளம்பியது. எடைமேடையில் இறங்கும்போது 2.27. அங்கிருந்து வாய்க்கால் ஓரம். நிழல் கிடையாது, ஒரு இடத்தில் மரப்பலகைப் பாலம், கைப்பிடி ஒரு பக்கம்தான். காப்பகத்து கேட் வரைக்கும் போனேன். உள்ளே போகவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் சேர்த்தேன்: 'காப்பகம் செல்வோர், ஞாயிறு: 9-ஆம் எண், 1.50. எடைமேடையில் இறங்கி நடக்கவும். வேகமாக நடப்பவர்களுக்கு இருபது நிமிஷம். முழங்கால் வலிக்காரர்களுக்கு முப்பத்தொன்று. குடை எடுத்துக்கொள்ளவும்.'